‘அது’ என்று ஒரு மருந்து கிடையாது

செவ்வாய்க்கிழமை காலை பால்காரன் போன கையோடு வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. தியாகராய நகரில் எங்கள் தெருவுக்கு அந்த வேளையில் ஜட்கா வருகிற வழக்கமில்லை. வண்டிக்காரன் டாக்டர் ஹமீதின் ஆள். இறங்கித் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “டீச்சரம்மா பூட்டாங்கம்மா. டாக்டரு உங்களக் கையோட இட்டாரச் சொன்னாரு” என்றான். முந்தின நாள் மாலைவரை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் வீட்டுச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, கதவைப் பூட்டாமலே வண்டியில் ஏறிவிட்டேன்.

ஞானசௌந்தரி டீச்சரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவளிடம் பூகோளம் படித்தவர்கள். இன்றைக்குப் பிள்ளை குட்டிகளோடு இருப்பீர்கள். ‘அவர்’ என்று மரியாதையாக ஆரம்பித்துப் பார்த்தேன். யாரோ ஒரு சீமாட்டியைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்து, ஒரே குடையில் பள்ளிக்கூடம் போன எனக்கு அவள் ஞானம். அவள் என்றே எழுதுகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளலாம்.

நான் கணக்கு, அவள் பூகோளம். நான் புருஷனை இழந்தபின் டிரெயினிங் படித்து வேலைக்கு வந்தவள். அவள் சாந்தோமில் பிறந்து, கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அப்போது நாங்கள் இருந்த மயிலாப்பூர்த் தெரு, லஸ் பக்கத்தில் பிராமணர் வீடுகளாக ஆரம்பித்துச் சாந்தோம் பக்கத்தில் கிறிஸ்தவர் வீடுகளாக முடியும். நடுவில், இரண்டுக்கும் சேராத இடத்தில், எங்கள் வீடு. ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம் பங்கஜம் மாமியின் வீடு. மாமியின் அகத்துக்காரர் எங்கள் பள்ளிக்கூடக் கமிட்டியின் காரியதரிசி. ஆகையால் நாங்கள் வீட்டிலும் கொஞ்சம் பள்ளிக்கூடத்தில் இருப்பதுபோலத்தான் நடந்துகொள்வோம். ஞானம் மட்டும் கொல்லைப்புறத்தில் துணி உலர்த்தும்போது உரக்கப் பாடுவாள். எந்தப் பாட்டாக இருந்தாலும் மாதா கோயில் பாட்டின் ராகத்தில்தான் பாடுவாள்.

அவள் வகுப்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கரும்பலகையில் ஊர்ப் பேர் எதுவும் இல்லாமல் இந்தியாவை ஒரே கோட்டில் போட்டுவிடுவாள். ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் குச்சியைக் கொடுத்து, கோதாவரி எங்கே சேருகிறது என்பாள். அந்தப் பெண் குச்சியை நீட்டி, “அதோ, அங்கே, டீச்சர்” என்னும். ஞானம் அதை ஒப்புக்கொண்டதே இல்லை. “‘அங்கே’ன்னு ஒரு ஊர் கிடையாதும்மா. முதல்ல பேர் சொல்லு, அப்புறம் குச்சியை நீட்டு” என்பாள். பெண்கள் அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

லஸ் முனையில் டிராமிலிருந்து இறங்கும்போது அவள் விழுந்தது மழைக்காலத்தில். இடுப்பெலும்பில் அடி. மாசக்கணக்கில் படுக்கை. அந்த வலியை நான் பார்த்திருக்கிறேன். பெரிய டாக்டர் ஒருவர் வந்து பார்த்து ஒரு மிக்ஸ்சர் எழுதிக் கொடுத்தார். அதைக் குடித்தபிறகுதான் அவள் தூங்கினாள். அந்த மருந்தை நான் கையெடுத்துக் கும்பிட்டேன், பொய் சொல்லவில்லை. அந்த டாக்டர் பிற்பாடு வெளியூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவர் எழுதின சீட்டு மட்டும் எங்களிடம் தங்கிற்று. புட்டியையும் சீட்டையும் கொடுத்தால் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் மறுபேச்சில்லாமல் நிரப்பித் தருவார். புட்டியின் பக்கவாட்டில், வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, பல் பல்லாக வெட்டின காகிதத்தை ஒட்டியிருப்பார்களே, அது போன்ற புட்டி. எங்கள் வீட்டில் அதற்குப் பேர் ‘இடுப்பு மருந்து’.

எலும்பு கூடிவிட்டது. அவள் நடந்தாள், குனிந்தாள், கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். இடுப்பு மருந்து மட்டும் நிற்கவில்லை. ஒரு வேளை தவறினால் உடம்பெல்லாம் வலிக்கிறது என்பாள். காலையில் காகிதத்தின் ஒரு பல் அளவு, அதாவது ஒரு கோடு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு கோடு என்று இருந்தது, பிறகு மத்தியானத்துக்கும் சேர்ந்தது. மத்தியான வகுப்பில் குரல் மந்தமாகிவிட்டது. கொல்லைப்புறத்துப் பாட்டு நின்றுபோனது. நான் அதை வயசு என்று நினைத்தேன், அவள் அதை இடுப்பு என்று நினைத்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்தது, டிஸ்பென்சரியில் கொடுப்பது, காகிதம் ஒட்டின புட்டியில் இருப்பது. அதைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

ஒரு வருஷம் பெண்களை அடையாற்றுக்கு, அங்கே ஒரு தோட்டத்தில் இருக்கிற பெரிய ஆலமரத்தைப் பார்க்க, அழைத்துப் போனோம். வண்டிகளில் பெண்கள் ஒரே கூச்சல். அந்த மரத்தைப் பற்றி ஞானம் ஒரு வாரமாக வகுப்பில் சொல்லி ஆசை காட்டியிருந்தாள். பாலத்துக்குக் கிட்டே போகும்போது பையைத் துழாவினாள். முகம் வெளுத்துவிட்டது. புட்டியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். “விசாலம், நீ கூட்டிட்டுப் போ. நான் திரும்பறேன்” என்று இறங்கி, வெயிலில், எதிரே வந்த மாட்டு வண்டியை நிறுத்தி ஏறிக்கொண்டாள். நான் கத்தினேன். ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு வருவதற்குள் இடுப்பு உதிர்ந்தா விழுந்துவிடும் என்று கேட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த மரத்தடியில், எந்த விழுது எந்தக் கிளையுடையது என்று பெண்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் கணக்கு டீச்சரான நான் உளறிக்கொட்டினேன்.

அவளுக்கு உண்மை தெரிந்தது அவள் வகுப்பிலேதான். மாகாணங்களின் விளைபொருள் பாடம். கங்கைச் சமவெளிக்கு வந்து, “நெல், கரும்பு, அவுரி, அபின்” என்று பெண்களை வரிசையாகச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, அபின் கெட்ட வஸ்துவாயிற்றே, அதைச் சர்க்கார் ஏன் பயிரிட விடுகிறது என்று கேட்டது. மருந்துக்கு ஆகும் என்று ஞானம் பதில் சொன்னாள். என்ன மருந்து, டீச்சர் என்று அந்தப் பெண் மறுபடி கேட்டது. ஞானத்துக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, விசாரித்து வந்து சொல்வது அவள் வழக்கம். அன்று மாலையே, தெருக்கோடியில் புதிதாக வந்திருந்த டாக்டர் ஹமீதிடம் போனோம். அவர் கேள்வியைக் கேட்டுச் சிரித்து, அபினிலிருந்து எடுக்கிற மருந்துகளை வரிசையாகச் சொன்னார். வலி மருந்து என்றதும் ஞானம் பையிலிருந்து தன் புட்டியையும் சீட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எத்தனை காலமாக என்று கேட்டார். அவள் சொன்னாள். “இது வலிக்கு நல்ல மருந்துதான் அம்மா. ஆனா இத்தனை நாள் ஆனபிறகு விடறது...” என்று இழுத்தார். ஞானம் பள்ளிக்கூடக் குரலில், “பேர் சொல்லுங்க டாக்டர்” என்றாள். “மார்ஃபியா” என்றார் அவர். அபினின் சத்து. அவள் புட்டியைத் திரும்பப் பையில் வைத்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வருஷா வருஷம் குச்சியால் காட்டிக்கொண்டே வருகிறேன், அது என் பைக்குள்ளேயே விளைகிறது தெரியாமல் போயிற்றே என்றாள்.

வெளியே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, இது காரியதரிசிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது. அபின் தின்கிறவளிடம் பெண்களை விடுவார்களா? நாலு பேர் வாயில் விழுந்தால் வேலை போய்விடும். அவளுக்கு அந்த வேலையைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் கிடையாது. ஆகையால் விடுவது என்றும், விடுவதை யாருக்கும் சொல்வதில்லை என்றும் சேர்த்தே முடிவாயிற்று. விஷயம் தெரிந்தவர்கள் டாக்டரும் நானும்தான். எங்களுக்குள் பேசும்போதுகூட ‘அது’ என்றுதான் சொன்னோம்.

டாக்டர் ஒரு வழி சொன்னார். திடுமென்று நிறுத்தக் கூடாது, உடம்பு கலகம் பண்ணும். ஒரு கோடு மருந்து எடுத்தால், காய்ச்சி ஆறின தண்ணீர் ஒரு கோடு அதே புட்டியில் திரும்ப ஊற்ற வேண்டும். புட்டி எப்போதும் நிறைந்தே இருக்கும், மருந்து மட்டும் நாளுக்கு நாள் நீர்த்துக்கொண்டே போகும். வெறும் தண்ணீராகிற அன்றைக்கு விடுதலை. “அவசரப்படாதீங்க டீச்சரம்மா. இடுப்பு கூடறதுக்கு எவ்வளவு நாள் பொறுத்தீங்க? அந்தப் பொறுமை இதுக்கும் வேணும்” என்றார். தண்ணீர் ஊற்றுகிற வேலை என்னுடையது. தன் கையை நம்பமாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள்.

அந்த மாசங்களை இப்போது நினைத்தால், கஷ்டத்தைவிட மற்றதெல்லாம்தான் ஞாபகம் வருகிறது. அவளுக்குக் கால்கள் ஓரிடத்தில் நிற்காது, உதைத்துக்கொண்டே இருக்கும். ஆகையால் விடிந்ததும் நடக்கப் போவோம். சாந்தோம் கடற்கரையிலிருந்து மணலோடு, அடையாறு கடலில் சேருகிற இடம்வரை. வாய் ஓயாமல் கொட்டாவி விடுவாள், மூக்கு ஒழுகும், முழங்கையெல்லாம் மயிர்க்கூச்செறியும். நான் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவேன். கட்டுமரத்தடியில் வலையிலிருந்து மீனை உதறிக்கொண்டிருக்கிற அம்மாள் ஒருத்தி எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். “இன்னாம்மா, தெனமும் போய்க்கினே கீறீங்க, எங்கதான் போறீங்க?” என்று ஒரு நாள் கேட்டாள். “வெளியே போறோம்” என்றாள் ஞானம். மீன்காரி இதை நியாயமான பதிலாகவே ஏற்றுக்கொண்டாள். அந்த ஈர மணல், அந்தக் காற்று, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே எனக்கு நதிமுகத்தைப் பற்றிப் பாடம் நடத்தின அவள் குரல். அந்த ஒரு நடைக்காக இப்போது என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

குரல் திரும்பி வந்துகொண்டிருந்தது. கொல்லைப்புறத்தில் ஒரு நாள் இரண்டு வரி பாடினாள். அதில்தான் அவளுக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. பரீட்சைத் தாள்கள் திருத்தி முடித்தோம். பங்குனி உற்சவம், அறுபத்து மூவருக்கு ஊரே மாட வீதிகளில். எங்கு பார்த்தாலும் தண்ணீர்ப் பந்தல், மோர், பானகம். அந்தக் கூட்டம் கலைந்த மறுநாள், என்னைக் கேட்காமல், டாக்டரைக் கேட்காமல், புட்டியில் மிச்சமிருந்ததைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றிவிட்டாள். இன்னும் எத்தனை நாள் இந்தத் தண்ணீர் வியாபாரம் என்றாள். நான் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும். டாக்டரோ தங்கை வீட்டுத் துக்கத்துக்காக ஆற்காட்டுக்குப் போயிருந்தார்.

அடுத்த நாள் காலையில் உடம்பு கலகம் பண்ண ஆரம்பித்தது. வாந்தி, பேதி. கொல்லைக்கும் உள்ளுக்குமாக நடந்தவள், பிறகு நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு அலறினாள். உற்சவக் கூட்டம் கலைந்த இரண்டாம் நாள் மயிலாப்பூரில் ஒருத்திக்கு வாந்திபேதி என்றால் ஊர் என்ன நினைக்கும்? சுவருக்கு அப்பால் பங்கஜம் மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் மாமியின் குரல் தெருவில் கேட்டது. காரியதரிசி சானிட்டரி இன்ஸ்பெக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டார். காலரா என்று எழுதிவிட்டால் வண்டி வந்து தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போய்விடும். அந்த வண்டியில் ஏறினவர்கள் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று தெருவில் யாரும் பேசவே மாட்டார்கள்.

மாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை வருஷப் பழக்கத்தில் மாமி எங்கள் வாசற்படியைத் தாண்டினதில்லை. பட்சணம் செய்தால் சுவர்மேல் வைத்துவிட்டுக் கூப்பிடுவாள். ஞானம் காபி கொடுத்தால், இப்போதுதான் குடித்தேன் என்பாள். எப்போதும் இப்போதுதான் குடித்திருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும், ஞானம் சிரித்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட மாமி, அன்றைக்கு அடுப்படியிலிருந்து, பிறத்தியார் தொடக் கூடாத மடிப்புடவையோடு நேரே எங்கள் கூடத்துக்குள் வந்துவிட்டாள். கையில் ஒரு சின்னப் புட்டியும் கரண்டியும். அந்தக் காலத்தில் பாதி வீடுகளில் வாந்திபேதிக்கென்று வாங்கி வைத்திருப்பார்களே, குளோரோடைன், அதுதான். “ஆத்துல எப்பவும் வெச்சிண்டிருப்பேன். நாலு சொட்டு உள்ளே போனா நின்னுடும். வாயைத் திற, ஞானம்” என்று தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

புட்டியின் மூடியைத் திறந்ததும் வாசனை வந்தது. ஞானத்தின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை அவளுக்குத் தெரியாதா? இடுப்பு மருந்தின் உடன்பிறப்பு அது. நாலு சொட்டு போதும், வாந்தி நிற்கும், முறுக்கு நிற்கும், வண்டியும் வராது, வேலையும் போகாது. எல்லோரும் மாமியைக் கொண்டாடுவார்கள். நாளையிலிருந்து மறுபடியும் புட்டி, கோடு, காகிதம். அவள் உதடு கரண்டியை நோக்கிப் போனதைப் பார்த்தேன். என்னால் தடுக்க முடியவில்லை, அது என் உடம்பல்ல. பிறகு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “வேண்டாம் மாமி” என்றாள்.

மாமி கெஞ்சினாள், அதட்டினாள். ஞானம் வாயைத் திறக்கவில்லை. கரண்டியிலிருந்தது மாமியின் புடவையில் சிந்திற்று. அப்புறம் மாமி சொன்னதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். “தெரியறது. உன் ஆத்துல நான் ஒரு வாய் ஜலம் குடிச்சதில்லே. அதான் என் கையால நீ வாங்க மாட்டேங்கறே. அதுக்கு இதுவாடி நேரம்?” என்று கேட்டுவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

வாசலில் காரியதரிசியும் இன்ஸ்பெக்டரும் வந்து நின்றுவிட்டார்கள். பின்னால் ஃபினாயில் வாளியோடு ஒரு ஆள், அவனுக்குப் பின்னால் பாதித் தெரு. இன்ஸ்பெக்டரிடம் ஏதாவது பொய்யைச் சொல்லி ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மாமியின் அழுகையைக் கேட்டுவிட்டு ஞானத்தால் சும்மா கிடக்க முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். குரல் உடைந்திருந்தது, ஆனால் வாசல்வரை கேட்டது. “மாமி, உங்க கைன்னு இல்லே. இதுல அபின் இருக்கு. நான் மார்ஃபியாங்கற அபின் மருந்துக்கு அடிமையாயிட்டேன். இப்ப அதை விட்டுட்டு இருக்கேன். அதான் இப்படி. காலரா இல்லே.”

காரியதரிசி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மாமி கரண்டியைக் கீழே வைத்தாள். புட்டியை மூடினாள், எழுந்தாள், விறுவிறுவென்று வெளியே போனாள். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நான் நினைத்தேன். வாசலில் மாமியின் குரல் கேட்டது. “காலராவும் இல்லை, கீலராவும் இல்லை. என் கண்ணால பார்த்தேன். பித்தம். நீங்க போங்கோ” என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தயங்கினார். உள்ளே வந்து நாடி பார்த்தார், என்னைக் கேள்வி கேட்டார், டாக்டரின் பேரைக் கேட்டார். கடைசியில் கொல்லையில் ஃபினாயில் ஊற்றச் சொல்லிவிட்டு, மறுநாள் வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போனார். சற்றைக்கெல்லாம் மாமி உப்புப் போட்ட கஞ்சியோடு திரும்பி வந்தாள். அன்றும் மறுநாளும் ஞானம் வாந்தி எடுக்க எடுக்க மாமி கஞ்சியை விட்டுக்கொண்டே இருந்தாள். மடிப்புடவையில் அந்தக் கறையோடுதான் உட்கார்ந்திருந்தாள்.

ஆற்காட்டிலிருந்து வந்த டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். தான் சொன்னபடி செய்திருந்தால் இத்தனை பாடு இல்லையே என்று வைதார். ஞானம் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கட்டிக்கொண்டாள். கொஞ்சம் மருந்து கொடுத்து மறுபடி மெல்ல இறக்கலாமா என்று அவர் கேட்டபோது மட்டும், கரை தெரிகிறது, திரும்பமாட்டேன் என்றாள். அவரும் தினம் இரண்டு தரம் வந்து பார்த்து, கூடவே இருந்து கரை சேர்த்தார்.

வேலை விஷயம் பாக்கி. கமிட்டி கூடினால் என்ன நடக்கும் என்று லீவு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞானம் தலைமை ஆசிரியையிடம் தானே போய், நடந்ததை மருந்தின் பேரோடு சொல்லிவிட்டு வந்தாள். காரியதரிசி கமிட்டியில் வாயைத் திறக்கவில்லை. திறக்கவிடவில்லை மாமி. “அந்தப் பொண்ணை வேலையை விட்டு எடுத்தேள்னா, அப்புறம் யாராத்துல சாப்பிடறதுன்னு முன்னாடியே பார்த்து வெச்சுக்கோங்கோ” என்று கொல்லைப்புறத்தில், எங்களுக்குக் கேட்க வேண்டும் என்றே, உரக்கச் சொன்னாள். பள்ளிக்கூடம் திறந்த அன்று ஞானம் பழையபடி கரும்பலகையில் இந்தியாவைப் போட்டாள். நான் பக்கத்து வகுப்பில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இத்தனைக்கும் பிறகு மாமி எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்தாளா என்று கேட்பீர்கள். இல்லை. தினம் வந்தாள், கூடத்தில் உட்கார்ந்தாள், ஊர்வம்பு பேசினாள். காபி என்றால் இப்போதுதான் குடித்தேன் என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் ஞானத்திடம் பொரிந்து தள்ளிவிட்டேன். அவள் புடவையை மடித்துக்கொண்டே, “வாசப்படியைத் தாண்டி வந்துட்டாங்க இல்லே? எல்லாத்தையும் ஒரேயடியா விடச் சொன்னா என்ன பாடுன்னு எனக்குத் தெரியாதா, விசாலம்?” என்றாள்.

பிறகு வந்தவை நல்ல வருஷங்கள். கொல்லைப்புறத்துப் பாட்டு முழுசாகத் திரும்பிற்று. மாம்பழத்துக்கு வாசனை இருப்பதையே மறந்துபோயிருந்தேன் என்று ஒரு கோடையில் சொன்னாள். அடையாற்று ஆலமரத்தை ஒரு நாள் போய்ப் பார்த்தோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும். விழுதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசை அடியோடு போய்விட்டது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. மழைநாளில் திடீரென்று, “இன்னிக்கு மார்ஃபியா ஞாபகம் வந்தது” என்பாள், ஊரிலிருந்து பழைய சிநேகிதி வந்திருப்பதாகச் சொல்வதுபோல. சொல்லிவிட்டு நடக்கப் போய்விடுவாள். நான் என் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துத் தியாகராய நகருக்குப் போனபிறகு, அவள் நடந்தே என் வீட்டுக்கு வந்துவிடுகிற நாட்கள் உண்டு. எதற்கு வந்தாள் என்று நான் கேட்கமாட்டேன், அவளே சொல்வாள்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது எல்லாம் கைமீறிப்போயிருந்தது. கடைசி நாட்களில் வலி அவளைப் பிடித்து முறுக்கிற்று. டிராமிலிருந்து விழுந்தபோது பார்த்த வலி அதற்கு உறைபோடக் காணாது. திங்கட்கிழமை மத்தியானம் டாக்டர் ஹமீது ஊசிப்பெட்டியைத் திறந்தார். விசிறிக்கொண்டிருந்த மாமி விசிறியைப் போட்டுவிட்டு, அவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றாள். மாமிக்கு இப்போது கூன் விழுந்துவிட்டது. “வேண்டாம் டாக்டர். அதை அவ விட்டுட்டா. எவ்வளவு பாடுபட்டு விட்டான்னு நான் பார்த்தேன். அதைப் போட்டுடாதேங்கோ” என்றாள். டாக்டர் ஊசியோடு திகைத்து நின்றார். அவர் என்னைப் பார்த்தார், நான் யாரைப் பார்ப்பது?

ஞானம் கண்ணைத் திறந்தாள். “மாமி, இங்க வாங்க” என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். “அன்னிக்கு எனக்கு வலி இல்லாமலே அது வேண்டியிருந்தது. இன்னிக்கு நெசமாவே வலிக்குது மாமி. இதுக்குத்தானே அந்த மருந்து. விடுங்க.” மாமி அவள் கையை விடாமல் ஒதுங்கி நின்றாள். டாக்டர் குனிந்து, வலிக்கு ஒரு ஊசி, தூங்கிவிடுவீர்கள் என்றார். அப்படியில்லை என்று ஞானம் தலையை அசைத்தாள். பள்ளிக்கூடக் குரல் அவளிடம் இன்னும் மிச்சம் இருந்தது.

“பேர் சொல்லுங்க டாக்டர்.”

“மார்ஃபியா” என்றார் அவர்.

“சரி. போடுங்க” என்று கையை நீட்டினாள்.

முகத்திலிருந்த சுருக்கமெல்லாம் மெல்லப் பிரிந்தது. சாயங்காலம் நான் கிளம்பும்வரை தூங்கிக்கொண்டிருந்தாள். மாமி கையை விடவில்லை. மறுநாள் காலை ஜட்கா வந்தது.

போன வாரம் பள்ளிக்கூட மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. நிறைய பேர் வந்திருந்தீர்கள். எல்லோரும் அழகாகப் பேசினார்கள். காரியதரிசியும் தள்ளாத வயசில் எழுந்து, டீச்சர் தம் வாழ்க்கையில் ‘அந்த ஒரு கஷ்டத்தையும்’ தைரியமாகத் தாண்டி வந்தார் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நல்ல மனசோடுதான் சொன்னார், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் முன்வரிசையிலிருந்த இளம் டீச்சர்கள், எந்தக் கஷ்டம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞானம் படுக்கையில் விழுந்த புதிதில் என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள். நான் போனபிறகு பொறுமைசாலி, சாந்தசொரூபி என்றெல்லாம் பேசுவார்கள், பேசட்டும், நீ அதையும் சேர்த்துச் சொல்லிவிடு, யாருக்காவது உதவும் என்றாள். எதைச் சொல்ல என்று தெரியாதவள்போல நான் கேட்டதற்கு, என்னை முறைத்தாள்.

அவள் குச்சி பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அவள் ஜெபமாலை அவளோடு போய்விட்டது. என்னிடம் இருப்பது அந்த முறைப்பு ஒன்றுதான். ‘அந்தக் கஷ்டம்’ என்று ஒரு கஷ்டம் கிடையாது. மார்ஃபியா. சொல்லிவிட்டேன், ஞானம்.